கஜக்கோல் அண்ணாச்சி அளந்த மரியாதை

மனிதனுக்கு மனிதன் கொடுக்கிற மரியாதையைச் சரியாக அளந்து சொல்லத் தெரிந்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கஜக்கோல் அண்ணாச்சி என்று பெயர். அவருக்குப் பிறகு அந்த வித்தை தெரிந்த ஆள் பிறக்கவில்லை என்பதற்கு, இந்தக் காலத்து ரசிகர்கள் தங்கள் ஆட்டக்காரர்களைக் கொண்டாடுகிற லட்சணமே சாட்சி. நேற்றுத் தோளில் தூக்கினவனை இன்று பெயர் சொல்லித் திட்டுகிறார்கள். அண்ணாச்சி இருந்தால் தூக்கியதையும் கணக்கில் சேர்க்கமாட்டார், திட்டியதையும் சேர்க்கமாட்டார்.

கஜக்கோல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவர்கள் வைத்த பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி. அவள் நாஞ்சில் நாட்டுப் பெண், புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். ஆகவே அந்தப் பெயர் அவளோடு பத்திரமாக இருந்துவிட்டது. துணி அளக்கிற இரும்புக் கோல் எந்நேரமும் அவர் கையில் இருக்கும். முதுகு சொறிய அதுதான், கடை வாசலில் படுக்கும் மாட்டை எழுப்ப அதுதான், பேச்சை முடித்தாயிற்று என்று தரையில் தட்டவும் அதுதான். கோயிலுக்குப் போகும்போது மட்டும் கோலைக் கடையில் வைத்துவிட்டுப் போவார். அன்றைக்கு வலது கையை என்ன செய்வதென்று தெரியாமல் சந்நிதியில் தவித்துக்கொண்டிருப்பார்.

யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள் அவை. நான் சர்க்கார் ஆபீஸில் சின்னக் குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை. நாகர்கோவில்காரன் என்ற ஒரே தகுதியைப் பார்த்து அண்ணாச்சி தம் கடை மாடியில் எனக்கு ஓர் அறை கொடுத்தார். முன்பக்கம் கடை, பின்கட்டில் அவரும் அவர் மனைவியும் குடித்தனம். அந்த அம்மாளை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். தெருவிலிருந்து கடைக்கு ஏற இரண்டே படிகள். அந்தப் படிகளால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அண்ணாச்சியின் அளவை முறையைச் சொல்லிவிட வேண்டும். மலையாளக் கரையில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஆண்பிள்ளைகள் நடக்கும்போது வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொள்வார்கள். எதிரே மரியாதைப்பட்டவர் யாராவது வந்தால் மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட வேண்டும். அவர் போனதும் பழையபடி மடித்துக் கட்டிக்கொள்ளலாம். சாலைத் தெருவில் காலை முதல் சாயங்காலம்வரை இந்த ஏற்றமும் இறக்கமும் ஓயாமல் நடக்கும். எல்லோரும் செய்வார்கள், ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். அண்ணாச்சி கவனித்தார்.

"மனசுல உள்ளதை வாயி மறைச்சுப் போடும் வேய். கை மறைக்காது. ஆளைக் கண்டதும் கை இடுப்புக்குப் போவுதா இல்லியா, அதை மட்டும் பாரும்" என்பார்.

அதிலே அவர் தரம் பிரித்து வைத்திருந்தார். கணுக்கால்வரை விட்டால் முழு இறக்கம். ஒரு பக்கம் மட்டும் தளர்த்தினால் அரை இறக்கம். மூன்றாவது வகை தடவல். தடவல் என்றால், கையை மடிப்புக்குக் கொண்டுபோய், அவிழ்க்கப் போகிறவன்போல அங்கேயே தடவிக்கொண்டிருந்து, அந்தப் பெரிய மனிதர் கடந்துபோகும்வரை காலத்தை ஓட்டிவிடுவது. ஆபீஸ் மேலதிகாரிகளுக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் தடவல்தான் என்று அண்ணாச்சி ஒருநாள் சொன்னார். நான் நம்பவில்லை. மறுநாள் எங்கள் சூப்பிரண்டு வராந்தாவில் வரும்போது என் கை எங்கே போகிறது என்று நானே பார்த்தேன். தடவல்தான்.

இந்த ஆராய்ச்சியினால் வியாபாரம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கடைக்கு வருகிறவர்களுக்கு அண்ணாச்சியின் பாதி முகம்தான் கிடைக்கும். மீதி தெருவில் இருக்கும். துணியை வெட்டிக்கொண்டிருக்கும்போது தெருவில் தாசில்தார் போனால் கத்தரி பாதியில் நின்றுவிடும். தாசில்தார் மறைந்தபிறகு, "ரெண்டு அரை, ஒரு தடவல். இவருக்கு இந்த ஊர்ல நாள் போகாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தை வெட்டுவார். அப்படியே அந்த மனிதருக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று. அதிலிருந்து பெரிய மனிதர்கள் சிலர் அண்ணாச்சியின் கடை வழியாகப் போவதையே நிறுத்திவிட்டுப் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிப் போனார்கள்.

இப்போது பந்தயத்துக்கு வருகிறேன்.

பொன்முடிப் பக்கத்தில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த இரண்டு துரைமாருக்குள் ஏதோ வீம்பு. ஆளுக்கொரு மோட்டார் வைத்துக்கொண்டு, மலையடியில் உள்ள கல்லாற்றிலிருந்து பொன்முடி உச்சிவரை யார் முந்துவது என்று வருஷத்துக்கு ஒருமுறை பந்தயம் விடுவார்கள். முதலில் துரைமாரே ஓட்டிப் பார்த்தார்கள். அந்த மலைப்பாதையின் வளைவுகளைப் பார்த்தவர்களுக்கு அடுத்தது என்ன நடந்திருக்கும் என்று தெரியும். ஒருவருக்குக் கை ஒடிந்தது, இன்னொருவருக்கு முன்பற்கள் போயின. இது டிரைவர்கள் செய்யவேண்டிய வேலை என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் புத்தி வந்தது.

சிவப்பு வண்டியைக் கொச்சப்பி ஓட்டினான். பச்சை வண்டியைத் தாணு ஓட்டினான். மற்ற நாட்களில் இருவரும் எஸ்டேட் லாரியில் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு சாலைத் தெருக் கிட்டங்கிகளுக்கு வருவார்கள். ஆகவே இரண்டு பேருமே எங்களுக்குக் கண்ணுக்குப் பழகின முகங்கள். பந்தயத்தன்று ஜெயித்தவன் மாலையும் கழுத்துமாக நெடுமங்காடு வழியாக வந்து எங்கள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவான். முதலில் சில வருஷங்கள் கொச்சப்பிதான் ராஜா. பிறகு தாணு ஓட்ட வந்தான். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மாலை தாணுவின் கழுத்தில்தான் விழுந்தது. தெரு இரண்டு கட்சியாயிற்று. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள் இரண்டு பெஞ்சு கேட்டார்கள்.

இந்தத் தாணு யார் என்றால், அண்ணாச்சியின் கூடப்பிறந்த தம்பி.

தாய் தகப்பன் போனபோது தாணு தவழ்கிற குழந்தை. அண்ணாச்சியும் மதினியும்தான் தூக்கி வளர்த்தார்கள். அவர்களுக்கு வேறு பிள்ளை கிடையாது. தலையெடுத்ததும் கடையில் உட்காரச் சொன்னார்கள். அவன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் எஸ்டேட் லாரியில் ஏறிப் போய், சில நாள் கழித்து முழங்கைவரை கிரீஸோடு வந்து நின்றான். வந்தவன் கையைக் கழுவியிருக்கலாம். கழுவாமல், புதிதாக வந்திறங்கிய மல் துணிக் கட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "அண்ணே, நான் வண்டி ஓட்டப் படிச்சாச்சு" என்றான். அண்ணாச்சிக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, "மோட்டார்க்காரன் எவனும் எம் படி ஏறப்படாது" என்று கஜக்கோலைத் தரையில் குத்திச் சொல்லிவிட்டார். தாணு இரண்டு படியும் இறங்கிப் போனான். அதோடு சரி. அவர் சொன்னதைத் திரும்பி எடுக்கத் தெரியாத மனிதர், இவன் கேட்டதை மறக்கத் தெரியாத பிள்ளை.

அந்தப் பையன் ஒருமுறை வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வாய் சோறு தின்றுவிட்டுப் போக வேண்டும். இதைத் தவிர அண்ணாச்சிக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இருந்ததாக நான் அறியேன். தெருவில் எல்லாருக்கும் இது தெரியும். தமக்கு மட்டும் தெரியாததுபோல அவர் நடமாடிக்கொண்டிருப்பார். தாணு என்ற பெயரைச் சொல்லமாட்டார். பச்சை வண்டிக்காரன் என்பார். நடுவர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

"ஒமக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கும் வேய். அளக்கும்போது சொந்தம் பாத்தா அது என்ன அளவு?" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு, லாரிச் சத்தம் கேட்டதும் கழுத்தை வாசலுக்கு நீட்டினார்.

கொச்சப்பி வந்து இறங்கினால் தெரு திருவிழாவாகிவிடும். ஒருவன் அவன் காதில் சொருகியிருக்கும் பீடியைப் பிடுங்குவான். ஒருவன் கழுத்தைக் கட்டிக்கொள்வான். இன்னொருவன் லாரியில் ஏறி அவன் இடத்தில் உட்கார்ந்து ஹாரனை அமுக்கிக்கொண்டிருப்பான். வேட்டியை இறக்குவதாவது, கொச்சப்பியின் வேட்டி இடுப்பில் தங்கினால் போதாதா என்று இருக்கும். தாணு இறங்கும்போது நடப்பது வேறு. அவனுடைய ரசிகர்கள் தெருவின் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்பார்கள். அத்தனை வேட்டியும் கணுக்கால்வரை இறங்கும். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். தாணு தலையைக் குனிந்துகொண்டு சோடாக் கடைக்கு நடப்பான். கடைக்காரர் பாட்டிலைத் தம் தோள்துண்டால் துடைத்து இரண்டு கையாலும் கொடுப்பார். நடுவில் நின்று தனியாகக் குடித்துவிட்டு, தனியாகப் போவான். போகிற போக்கில் அண்ணன் கடைப் பக்கம் ஒரு பார்வை. அண்ணாச்சி அந்த நேரம் பார்த்துத் துணியை மடிக்க ஆரம்பித்திருப்பார்.

"எல்லாம் முழு இறக்கம். ஒரு தடவல்கூடக் கெடையாது" என்று அவன் போனபிறகு மெதுவாகச் சொல்வார். சொல்லும்போது மூக்கு விடைத்திருக்கும்.

இதைச் சில கெட்டிக்காரர்கள் கண்டுகொண்டார்கள். துணி எடுக்க வருகிறவர்கள், தாணு வரும் நேரமாகப் பார்த்து வந்து, அண்ணாச்சியின் கண்ணுக்கு நேரே நின்று, பிரமாதமாக வேட்டியை இறக்கிவிட்டுப் படியேறினார்கள். அன்றைக்குத் துணி ஒரு சாண் தாராளமாக விழும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. அண்ணாச்சி ஒரு பொழுது பார்த்தார். மறுநாள் சட்டம் போட்டுவிட்டார்.

"கடையைப் பாத்து எறக்கினது செல்லாது. தெருவைப் பாத்து எறக்கணும்."

எதிர்ச்சாரியில் சாயாக்கடை வைத்திருந்த குட்டன் பிள்ளை கொச்சப்பியின் கட்சி. அவருக்கு இந்த அளவை முறையிலேயே ஆட்சேபம். ஒருநாள் நேராக வந்து கேட்டார்.

"எண்டெ அண்ணாச்சி, கொச்சப்பியெக் கண்டா ஆளுக கெட்டிப்பிடிக்கும். தாணுவெக் கண்டா முண்டு எறக்கி மாறி நிக்கும். இதில எதாக்கும் பெருசு? நிங்ஙள் பறையணும்."

"எறக்கதுதான் மரியாதை" என்றார் அண்ணாச்சி.

"மரியாதை செரி. சினேகம் எவிட அளக்கும்?"

அண்ணாச்சி கோலைத் தரையில் தட்டினார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஆனால் அவருக்குள்ளே முடியவில்லை. அன்று சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்ததும் கூப்பிட்டார். "வேய், ஒரு சோலி இருக்கு. ரெண்டு கூட்டத்துக்கும் போயி ஒரே கேள்வி கேட்டுட்டு வாரும். ஒங்க ஆளு தோத்துப்போனா என்ன செய்வீருன்னு கேளும். பதிலை அப்பிடியே வந்து சொல்லணும். கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

முதலில் கொச்சப்பி கட்சிக்குப் போனேன். ஒரு மூட்டை தூக்குகிறவர் சிரித்தார். "தோத்தா எந்தா சாரே? இப்ப மட்டும் ஜெயிச்சா கெடக்குது? சாயா வாங்கிக் குடுக்கும், நாலு சீத்த வாக்கு சொல்லி ஏசும், தோள்ல கையப் போட்டு வீட்டில கொண்டாக்கும். அத்தர தன்னெ."

அடுத்தது தாணு கட்சி. கிழக்கே கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருந்தவரைக் கேட்டேன். தாணு என்ற பெயரைக் கேட்டதுமே அவர் வேட்டியை இறக்கிவிட்டார். கேள்வியைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "தோக்கதா? அவரா?" என்று, கோயிலுக்குள் நான் ஏதோ அசிங்கம் பேசிவிட்டதுபோல என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். தோற்றால் என்ன செய்வது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் யோசித்தே வைக்கவில்லை.

கூட்டாமல் குறைக்காமல் வந்து சொன்னேன். கேட்டுக்கொண்டே அண்ணாச்சி, கல்யாணத்துக்குச் சரிகைக்கரை கேட்ட ஒரு வீட்டாருக்கு, சாவுக் காரியத்துக்கு எடுக்கிற துணியை எடுத்து முன்னால் போட்டார். அவர்கள் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். அதுவும் அவர் காதில் விழவில்லை.

"அப்போ அவன் தோத்தா, அவன்கூட நிக்கதுக்கு ஒரு ஆளு கெடையாது. இல்லியா?" என்றார். முதல்முறையாகப் பச்சை வண்டிக்காரன் என்று சொல்லவில்லை.

"அப்படித்தான் தோணுது அண்ணாச்சி."

"நான் நீளத்தை அளந்துக்கிட்டே இருந்துட்டேன் வேய். அகலத்தைப் பாக்கலை."

அந்த வருஷப் பந்தயத்துக்கு அவர் கிளம்பினார். கடையை மூடிவிட்டு அவர் கிளம்பியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மதினி வாசல்வரை வந்து, "அவன் மெலிஞ்சு போனானான்னு பாத்துட்டு வாங்கோ" என்று என்னிடம் சொன்னாள். அண்ணாச்சியிடம் சொல்லிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். பஸ் பிடித்துக் கல்லாற்றுக்குப் போனோம். முந்தின நாள் மழையில் பாதை நனைந்து கிடந்தது. ஆற்றுக்கு மேலே முதல் வளைவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். இரண்டு கட்சியும் வந்திருந்தது. தாணுவின் ஆட்கள் மரியாதையை முன்கூட்டியே ஆரம்பித்து, சேற்றிலும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார்கள்.

அண்ணாச்சி பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

மோட்டார்ப் பந்தயம் தோன்றிய நாளிலிருந்து பந்தயத்துக்குப் போய் வண்டியைப் பார்க்காமல் நின்ற ஆள் அவர் ஒருவராகத்தான் இருப்பார். "திரும்பி நில்லும் அண்ணாச்சி, வண்டி வரப் போவுது" என்றேன்.

"வண்டியை எவனும் பாப்பான். பாக்கவனை யாரு பாக்கது?" என்றார்.

வண்டிகள் வந்தன. முதலில் பச்சை, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சிவப்பு. சத்தத்தில் மலையே அதிர்ந்தது. அண்ணாச்சி திரும்பவில்லை. ஆனால் பச்சை வண்டி அவர் முதுகுக்குப் பின்னால் வளைவில் வழுக்கித் திரும்பிய அந்த நேரம், கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். சத்தம் மேலே போனபிறகுதான் திறந்தார். பயம், வேறொன்றுமில்லை. அதை ஒத்துக்கொள்வதைவிட முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதே மேல் என்று அவர் நினைத்ததாக எனக்குத் தோன்றியது.

உச்சியில் நடப்பது கீழே எப்படித் தெரியும் என்றால், எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற நம் ஆட்கள் ஒவ்வொரு வளைவிலும் நிற்பார்கள். மேல் வளைவில் இருப்பவர் கூவுவார், அடுத்த வளைவு அதை வாங்கிக் கூவும். அப்படியே இறங்கி எங்களிடம் வந்து சேரும். முதலில் பச்சை முன்னால் என்று வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. பச்சை வண்டி சூடாகி, ஆவி கிளம்பி, மேல் வளைவில் நின்றுவிட்டது. பின்னால் வந்த சிவப்பும் நின்றது. கொச்சப்பி இறங்கித் தன் தண்ணீர் டின்னைத் தாணுவின் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு ஏறிப் போய்விட்டான். சிவப்பு ஜெயித்தது.

ஒரு பக்கம் குதித்தார்கள். நான் அண்ணாச்சி பார்த்த பக்கத்தைப் பார்த்தேன். தாணுவின் ஆட்கள் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. பாத்திரக்கடைக்காரர் குனிந்து வேட்டியைத் தூக்கி மடித்துக் கட்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரும் கட்டிக்கொண்டார். வரிசையாக எல்லாரும் மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார்கள். கடைசி ஆளும் போனபிறகு அண்ணாச்சி மெல்லப் பாதைப் பக்கம் திரும்பினார். அங்கே ஒரு வண்டியும் இல்லை.

சாயங்காலம் கொச்சப்பி மாலையோடு எங்கள் தெருவைச் சுற்றினான். கடை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினான். "அண்ணாச்சி, தாணு இங்ஙோட்டு வந்நில்லே? ஞான் கல்லாற்றில கொறே நேரம் நோக்கி நிந்நு" என்றான்.

"வரலை" என்றார். பிறகு, "நீ என்னத்துக்குத் தண்ணி குடுத்தே?" என்று கேட்டார்.

கொச்சப்பிக்குக் கேள்வியே புரியவில்லை. "பின்னே? வண்டி சூடாயா வெள்ளம் ஊத்தண்டே?" என்றான்.

மறுநாள் மத்தியானம் தாணு வந்தான். பந்தயத்தில் தோற்றால் என்ன, தேயிலைப் பெட்டி இறக்கித்தானே ஆக வேண்டும். லாரியைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு, காக்கிச் சராயும் சட்டையுமாகச் சோடாக் கடைக்கு நடந்தான். தூறல் போட்டுத் தெரு சேறாகக் கிடந்தது. வழக்கம்போல் இரண்டு பக்கமும் அதே ஆட்கள்தான். ஒருவர் ஆகாயத்தைப் பார்த்தார். ஒருவர் ஏத்தன்பழக் குலையைத் தட்டிப் பார்த்தார். ஒரு வேட்டியும் இறங்கவில்லை. தடவல்கூட இல்லை. சோடாக் கடைக்காரர் பாட்டிலைத் துடைக்காமல் பலகையில் வைத்துவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டார்.  அந்த முகங்களை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அண்ணாச்சி யாருக்கோ துணி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரியை அப்படியே துணியில் விட்டுவிட்டு எழுந்தார். இரண்டு படியும் இறங்கினார். கஜக்கோலோடு நேரே நடுத்தெருவுக்குப் போய்த் தம்பிக்கு முன்னால் நின்றார். கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் மடிப்பை அவிழ்த்து, வேட்டியைக் கணுக்கால்வரை விட்டார். முழு இறக்கம்.

அண்ணன் தம்பிக்கு வேட்டியை இறக்குகிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. தெரு அசையாமல் நின்றது. தாணுவின் கை பதறிக்கொண்டு இடுப்புக்குப் போயிற்று. அங்கே இறக்குவதற்கு என்ன இருக்கிறது? காக்கிச் சராய். கை பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது. பிறகு அவன் குனிந்தான். சேற்றில் கிடந்த அண்ணனின் வேட்டி விளிம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான்.

"அழுக்காவுது அண்ணே."

"ஆவட்டும்லே. அலக்கிக்கிடலாம்." பிறகு கேட்டார், "சோறு தின்னியா?"

"இல்லை."

இந்த இடத்தில் 'மேலே வா' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? அண்ணாச்சிக்குத் தொண்டைவரை வந்தது, வெளியே வரவில்லை. தாணு படியைப் பார்த்தான். அவன் காலும் எழும்பவில்லை. இரண்டு பேரும் ஒரே அச்சு. சேற்றில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். வியாபார நேரத்தில் கடைப்பக்கம் தலைகாட்டாத மதினி, கையில் இரண்டு வாழை இலையோடு வெளியே வந்தாள்.

"ஏறப்படாதுன்னுதானே சொன்னிய. எறங்கப்படாதுன்னு ஆரும் சொல்லலியே" என்று சொல்லிக்கொண்டே, துணிப் பொதி கட்டி வருகிற சாக்கைப் படிக்குக் கீழே தெருவில் விரித்து, இரண்டு இலையும் போட்டாள்.

சாலைக் கடைத்தெருவில், பட்டப் பகலில், மாட்டு வண்டிகள் எல்லாம் காத்து நிற்க, அண்ணனும் தம்பியும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோறும், உள்ளித் தீயலும், பப்படமும். நான்தான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். வழிவிடச் சொல்ல வந்த போலீஸ்காரர் பார்த்தார், வண்டிகளைச் சந்து வழியாகத் திருப்பிவிட்டார். லாரியோடு வந்த கொச்சப்பி இறங்கி வந்து கொஞ்சம் தள்ளி நின்றான். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஆயிரம் சட்டம் இருந்த காலம் அது. மதினி அவனைப் பார்த்தாள், உள்ளே போனாள், மூன்றாவது இலையோடு வந்தாள்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாத்திரக்கடைக்காரரின் கை மெதுவாக இடுப்புக்குப் போயிற்று. அண்ணாச்சி இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "இப்ப எறக்கதெல்லாம் செல்லாது" என்றார். அவர் வலது கை சோற்றில் இருந்தது. இடது கை தாணுவின் தோளில் கிடந்தது.

அதன்பிறகும் தாணு படி ஏறவில்லை. அண்ணாச்சியும் ஏறச் சொல்லவில்லை. லாரி வருகிற நாளெல்லாம் அவர் இறங்கி வருவார், படிக்குக் கீழே ஒரு பெஞ்சைப் போட்டு இருவரும் சாப்பிடுவார்கள், எழுந்து போவார்கள். அந்தத் தெருவில் எனக்குப் பிடித்த சத்தம் அந்த நாட்களில் மதினி இலையை உதறுகிற சத்தம்தான். அண்ணாச்சி பாதி முகத்தோடு வியாபாரம் செய்வதை விட்டுவிட்டார். தாசில்தார் போனால்கூடக் கத்தரி நிற்பதில்லை.

பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது, பந்தயம் நின்றது, துரைமார் தங்கள் நாட்டுச் சண்டைக்குப் போனார்கள். பட்டாள லாரி ஓட்ட ஆள் எடுத்தபோது தாணுவும் போனான். கிளம்புகிற அன்று பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். தாணு திரும்பி வரவில்லை. எங்கே, எப்படி என்று கடைசிவரை யாரும் வந்து சொல்லவுமில்லை.

எனக்குக் கொல்லத்துக்கு மாற்றலாகிவிட்டது. யுத்தம் முடிந்தபின் ஒருமுறை ஏதோ வேலையாக வந்தவன் சாலைத் தெருவுக்குப் போனேன். உச்சி வெயில். கடை திறந்து கிடந்தது, உள்ளே ஆளில்லை. அண்ணாச்சி படிக்குக் கீழே தெருவில் நின்றுகொண்டிருந்தார். நன்றாகக் கிழடு தட்டியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, இந்த வெயில்ல நிக்கீரு? மேல நெழல்ல இருக்கப்படாதா?"

"முட்டு ரெண்டும் போச்சு வேய். இந்த ரெண்டு படியை எறங்க முன்ன மாதிரி முடியலை, நேரமாவுது" என்றார். தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன் வந்தா எனக்காகக் காத்துக் கெடக்கணும்லா. அதான் முன்கூட்டியே எறங்கி நிக்கேன்."

 குடையை விரித்து அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கொல்லத்துக்குத் திரும்ப வேண்டிய பஸ்ஸை அன்றைக்கு நான் விட்டுவிட்டேன்.